இரண்டு விசில்

"இது என்ன, ஊருக்குப் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?"

அப்பா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டார். அம்மாவின் கையில் பதினொரு பழுப்புக் காகித உறைகள். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிப் போடுவது அவள் வேலை. காலை, மதியம், இரவு என்று உறைமேல் எழுதிப் பழகிய கை, இதிலும் ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி என்று பிற்பகல் மூன்று வரைக்கும் வரிசையாக எழுதியிருந்தது.

"பிள்ளைங்களுக்கு. மணிக்கு ஒண்ணு. பிரிச்சா உள்ள ஒரு விளையாட்டு இருக்கும்."

"நாங்கல்லாம் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே போனோம். செத்தா போயிட்டோம்?"

"உங்களுக்காவது ஜன்னலைத் திறந்து விட்டாங்க. இங்க ஜன்னலைத் திறந்தா வண்டி வேகம் குறையும்னு மூடச் சொல்றது யாரு?"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்தாறு.

வெளியூர்ப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாள் கூட வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அவருடைய அண்ணனும் டிரைவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதற்கு முன்னால், வாசல் கதவுக்குப் பின்பக்கம் பென்சிலால் பயண நேரம் எழுதப்படும். எழுதியதிலேயே குறைந்தது ஒன்பது மணி நேரம் ஐம்பது நிமிஷம். அது அண்ணனுடையது. அதைத் தாண்டவேண்டும் என்று அப்பாவுக்கு ஆறு வருஷமாக ஒரே அரிப்பு.

அதனால் குடும்பக் காருக்கும் பேருந்துச் சட்டம்தான். மூன்று நிறுத்தம். நிறுத்தத்துக்குப் பத்து நிமிஷம். ஏழாவது நிமிஷம் ஒரு ஹாரன், ஒன்பதாவது நிமிஷம் இன்னொரு ஹாரன், பத்தாவது நிமிஷம் வண்டி நகரும். நடுவில் யாருக்கு எது வந்தாலும் அடுத்த நிறுத்தம் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியது.

போன வருஷம் மகளால் அடக்க முடியவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. "அப்பா, அவசரம்" என்று மூன்று தடவை சொன்னாள். "இன்னும் பதினேழே கிலோமீட்டர்" என்று மூன்று தடவை பதில் வந்தது. சீட்டு நனைந்தது. அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பா வீட்டில் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த நேரத்தில் அப்பா அதை நடித்துக் காட்டிச் சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியப்பா பிள்ளைகள் அவளுக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்தார்கள். நாலு நாளும் அந்தப் பெயர்தான்.

இந்த வருஷம் அவள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அம்மாவைக் குடைந்தது. இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உறை ஒட்டினாள். இந்தத் தடவையாவது இந்தப் பிள்ளை காரை விட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

"ஏறுங்க, ஏறுங்க. மணி அஞ்சு."

முன் சீட்டில் அண்ணனுக்கு வாங்கிய மின்விசிறிப் பெட்டிக்கு பெல்ட் போட்டாகிவிட்டது. மற்ற மூன்று பேரும் பின்னால். ஐந்து வயது மகனுக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர், ஓரிடத்தில் நிற்காததால்.

"அம்மா, பெட்டிதான் அப்பாவோட கண்டக்டரா?"

"ஆமா. வாயில்லாத கண்டக்டர். உங்கப்பாவுக்கு ஏத்தது."

ஐந்து மணி உறையில் வண்டிகளின் படம் போட்ட கட்டம் இருந்தது. பார்த்த வண்டிக்கெல்லாம் சுழிக்கவேண்டும். ஆறு மணி உறையில் கம்பளி நூல். ஏழு மணி உறையில் ஒரு கதையின் முதல் நாலு வரி மட்டும். மிச்சத்தை ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லவேண்டும். பம்பரம் தன் முறை வரும்போதெல்லாம் கதையில் இருந்த எல்லாரையும் சிங்கத்துக்குத் தின்னக் கொடுத்தான். மகள் சிரித்தாள். நன்றாகத்தான் விளையாடினாள். தண்ணீர் பாட்டில் கைமாறும்போது மட்டும் வாங்கி, உதட்டில் வைத்து, தம்பியிடம் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு முதல் நிறுத்தம். ஆண்கள் பக்கம் காலி. பெண்கள் பக்கம் பதினோரு பேர் வரிசை. அம்மா மகளோடு போய் நின்றாள். முன்னால் இன்னும் ஐந்து பேர் இருக்கும்போது முதல் ஹாரன். மூன்று பேர் இருக்கும்போது இரண்டாவது.

"எனக்கு வரலம்மா. போயிரலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அம்மாவும் போகாமலே ஓடிவந்தாள். ஏறினதும் அப்பா கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கோடா பம்பரம். அக்காதான் நல்ல பயணி. ஒரு தொந்தரவு இல்ல. கத்துக்கோ."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அம்மா நினைத்தாள்.

பத்து மணி உறையைப் பம்பரம் பிரித்தான். சிவப்பு நூல் கோத்த விசில். கூடவே ஒரு சீட்டு, அம்மாவின் கையெழுத்தில்: ஒரு விசில் அடித்தால் எல்லாரும் சிலை. இரண்டு அடித்தால் அசையலாம். யார் முதலில் அசைகிறாரோ அவர் தோற்றார்.

பம்பரம் அப்போதே ஒன்று அடித்தான்.

கார் குலுங்கியது. அப்பாவின் கால் பிரேக்கில் இருந்தது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு விலகிப் போனது.

"டேய்! உள்ள அடிக்காத! ஒண்ணு அடிச்சா நிறுத்தும், ரெண்டு அடிச்சா கிளப்பும். இருபத்தொரு வருஷமா என் கால் விசில் பேச்சைத்தான் கேக்குது. என் பேச்சைக் கேக்காது."

"சரி சரி. வெளிய இறங்கினதும் அடிச்சுக்கோ" என்றாள் அம்மா. விசிலை அவன் கழுத்திலேயே மாட்டிவிட்டாள்.

பிறகு விசில் இல்லாமல் கையைத் தட்டிச் சிலை விளையாட்டு விளையாடினார்கள். மகள் எல்லாத் தடவையும் ஜெயித்தாள். ஐந்தாவது தடவை, தம்பி இரண்டு தட்டியும் அவள் அசையவில்லை. அம்மா தோளைத் தொட்டாள். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்தது. உதடு பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

"என்னடி செய்யுது?"

"தலை வலி."

"தண்ணி குடி."

"வேணாம்."

"ஒரு வாய் குடி."

"வேணாம்னு சொல்றேன்ல."

பம்பரம் குறுக்கே விழுந்தான். "அக்கா குடிக்கமாட்டா. நேத்து சாயங்காலத்துல இருந்தே குடிக்கல. சொன்னா என் பென்சில் பெட்டிய உடைச்சிருவேன்னா. நான் சொல்லல."

அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். தம்பி குடித்த அளவுதான் குறைந்திருந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

"பதினொண்ணரைக்குத்தான் நிறுத்தம்."

"பிள்ளை நேத்துல இருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. உங்க வண்டியில பாத்ரூம் கேக்கக்கூடாதுன்னு."

"அதான் ஒரு தொந்தரவும் இல்லாம வந்தாளா? கெட்டிக்காரிதான்..."

அவர் ஏதோ நிலைமையை லேசாக்க நினைத்துத்தான் சொன்னார் போலிருக்கிறது. பாதியிலேயே அவருக்கே அது தப்பாகக் கேட்டிருக்கவேண்டும். நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"கெட்டிக்காரியா? கெட்டிக்காரியா! உதடு வெடிச்சுக் கிடக்கா, உங்களுக்குக் கெட்டிக்காரி! மனுஷங்களா நாங்க, மூட்டையா? அந்த மின்விசிறிக்காவது முன்னாடி உக்காத்தி வெச்சு பெல்ட் போட்டீங்க!"

"கத்தாதே. வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஓட்டுங்க, ஓட்டுங்க! கதவுக்குப் பின்னால பென்சில்ல எழுதறதுக்குத்தானே பிள்ளைங்களப் பெத்துப் போட்டு வளக்கிறோம்! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

கண்ணாடியில் அவள் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா கையை நீட்டிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார். இப்போது அதில் கார் கூரை மட்டும் தெரிந்தது.

"நிறுத்தறேன். பத்து நிமிஷம். ஏறினதுக்கப்புறம் வீடு வரைக்கும் ஒரு சத்தம் எனக்குப் பின்னாலேருந்து வரக்கூடாது. சொல்லிட்டேன்."

பத்து இருபதுக்குக் கார் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றது. மூவரும் இறங்கினார்கள். நாலு எட்டு நடந்த பிறகுதான் பாட்டிலை உள்ளேயே விட்டது ஞாபகம் வந்தது. அம்மா திரும்பி வந்து, கதவைத் திறந்து, பாட்டிலையும் உறைப் பையையும் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைப் படாரென்று சாத்தினாள். பம்பரத்துக்கு வெளியே இறங்கினதும் அடிக்கலாம் என்று கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது.

பீப், பீப்.

கார் கிளம்பிப் போய்விட்டது.

மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளைக் கார் வளைவில் திரும்பி, நெடுஞ்சாலையில் ஏறி, வண்டிகளோடு வண்டியாகக் கலந்தது.

"அப்பா போயிட்டாரு" என்றான் பம்பரம். "நான் ரெண்டு அடிச்சேன். அப்பா போயிட்டாரு!" முதலில் பெருமையாகத்தான் சொன்னான். பிறகு உதடு கோணியது.

"கூப்பிடும்மா" என்றாள் மகள். "போன் உன் கைப்பையிலதானே இருக்கு?"

"கூப்பிடமாட்டேன்."

"ஏம்மா?"

"எத்தனை கிலோமீட்டர் போனா நம்ம ஞாபகம் வருதுன்னு பாக்கணும் எனக்கு."

பெட்ரோல் போடுகிற பெண் குழாயைக் கையில் வைத்தபடியே கேட்டாள். "என்னக்கா, வண்டி போயிருச்சே?"

"போயிருச்சு."

"திரும்பி வருமா?"

"வண்டி வரும். அதுல மனுஷன் வராரான்னுதான் பாக்கணும்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். "டயர்க் கடைக்குப் பக்கத்துல நிழல்ல பெஞ்சு இருக்கு. பாத்ரூம் அதுக்குப் பின்னால. தாழ்ப்பாள் நல்லா இருக்கு. தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா பாட்டிலைத் திறந்து மகளிடம் நீட்டினாள்.

"இப்ப ஹாரன் அடிக்க ஆளில்ல. பாத்ரூம் இருபது அடி தூரத்துல இருக்கு. குடி."

மகள் வாங்கவில்லை. "நீ குடி."

"எனக்கு வேணாம். நீ குடி முதல்ல."

"உனக்கு ஏன் வேணாம்?"

"தாகம் இல்ல."

"பொய்."

"என்னது?"

"பொய் சொல்றே. காலைல உன் காப்பிய சிங்க்ல ஊத்தினே. நான் பாத்தேன். போன வருஷமும் ஊத்தினே. பெரியப்பா வீட்டுக்குப் போற நாள்ல நீ எப்பவுமே எதுவும் குடிக்கமாட்டே. உனக்கு மட்டும் எப்பவும் அவசரம் வராது. நான் மட்டும்தான் முட்டாள் மாதிரி குடிச்சுட்டேன் போன தடவை." அவள் மூச்சு வாங்கினாள். "உன்னப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்."

பாட்டில் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இந்த வழியில் எத்தனை தடவை போயிருப்பாள்? ஒரு தடவையாவது குடித்துவிட்டுக் கிளம்பியதாக ஞாபகம் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. தானாகவே ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து ஏறிக்கொள்வாள். பதினொரு உறை ஒட்டியவளுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்மேல் எரிந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. அதில் பாதி இப்போது தன்மேலும் எரிந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் மகள், பாட்டிலைப் பார்த்தபடி. "அன்னிக்கு நீயும் சிரிச்சே."

"சிரிச்சேன்."

"நான் பாத்தேன்."

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சிரிச்சேன். தப்புடி. பெரிய தப்பு. நான் எழுந்து அவர் வாயை மூடியிருக்கணும்."

மகள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா பாட்டிலை அண்ணாந்து வாயில் கவிழ்த்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. பாதி பாட்டில் உள்ளே போனதும் நீட்டினாள். மகள் வாங்கினாள். முதலில் ஒரு வாய். உதட்டு வெடிப்பில் எரிந்ததில் முகத்தைச் சுளித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை.

"எனக்கு?" என்றான் பம்பரம்.

"நீ காலைலேருந்து குடிச்சதுக்கு ஒரு கிணறே வத்தியிருக்கும். போடா."

குழாயில் இன்னொரு பாட்டில் பிடித்துவந்தார்கள். பதினொரு மணி உறையை அரைமணி முன்னாலேயே பிரித்தார்கள். போன் அடித்தபோது அம்மா எடுத்து, "நீங்க இறக்கிவிட்ட இடத்துலதான் இருக்கோம்" என்று ஒரே வரி சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அடித்ததையெல்லாம் எடுக்கவில்லை. எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணும் வேலையைப் பம்பரத்துக்குக் கொடுத்தாள். ஒன்பது வரை எண்ணினான்.

பதினொன்று நாற்பதுக்குக் கார் வந்து சேர்ந்தது. அப்பா கதவைச் சாத்தக்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன் போனை எடுக்கல? மனுஷன் செத்துப் போயிருப்பேன்! கதவு சாத்தற சத்தம் கேட்டுது, விசில் கேட்டுது, ஏறிட்டீங்கன்னுதானே நினைச்சேன்! திரும்பற இடம் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கு தெரியுமா?"

"எத்தனை கிலோமீட்டர்ல தெரிஞ்சுது?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க. கிலோமீட்டர் கணக்கு உங்களுக்குத்தான் அத்துப்படியாச்சே."

"முப்பத்தெட்டு." குரல் இறங்கியது. "ரெண்டு தடவை கேட்டேன். பாப்பா தண்ணி குடிச்சாளான்னு கேட்டேன். பதில் வரல. நீ கோவத்துல இருக்கேன்னு விட்டுட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தாத்தான் சீட்டு காலி."

"ஆளில்லாத சீட்டைப் பாத்துத்தான் அந்தக் கேள்வி உங்க வாய்ல வந்துச்சா? ஆள் இருக்கறப்ப ஏன் வரல?"

பழக்கத்தில் அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. "சரி, ஏறுங்க. வழியில பேசிக்கலாம்."

"அப்பா, நான் பாத்ரூம் போகணும்" என்றாள் மகள்.

சின்னக் குரல்தான். ஆனால் சொன்னாள்.

"இவ்வளவு நேரம் இங்கயேதானே இருந்தே, அப்பவே போயி..."

அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். "ம். சொல்லி முடிங்க."

அவர் முடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் அடித்தது. அவசரத்தில் எதைத் தொட்டாரோ, பெரியப்பாவின் குரல் பெட்ரோல் நிலையம் முழுக்கக் கேட்டது.

"எங்கடா இருக்கே? கிட்ட வந்துட்டியா?"

"இல்லண்ணே. லேட்டாகும்."

"ஏன்டா? மறுபடி குழாய் திறந்துக்கிச்சா?" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

மகள் பாத்ரூம் பக்கம் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். அம்மா அவரைப் பார்த்தாள். மகளும் அவரையே பார்த்தாள்.

"குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. கழுத்து நரம்பு புடைத்தது. "நான்தான் பொண்டாட்டி பிள்ளைங்கள பெட்ரோல் போடற இடத்துல விட்டுட்டு வண்டியக் கிளப்பிட்டேன். சின்னவன் பொம்மை விசில் அடிச்சான். காலி வண்டிய முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன். சிரிக்கணும்னா இதுக்குச் சிரிங்க."

பெரியப்பா சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நான் பேசறேன். அந்தக் குழாய்ங்கற பேரை இனிமே உங்க வீட்டுல யார் வாயிலயாவது கேட்டேன், வந்த வண்டியிலயே பிள்ளைங்களக் கூட்டிட்டுத் திரும்பிருவேன்."

"அட, என்னம்மா நீ, ஒரு விளையாட்டுக்கு..."

"விளையாட்டு எனக்கும் தெரியும் மாமா. பதினொரு உறை கட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். அதுல எதுலயும் பிள்ளை அழல."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. அவள் போனை அணைத்துக் கணவர் கையில் வைத்தாள். "கதவுல எழுதுங்க. பன்னெண்டு மணி நேரமோ பதிமூணோ, எவ்வளவு ஆகுதோ அவ்வளவு. பக்கத்துல காரணத்தையும் எழுதணும். முப்பத்தெட்டுன்னு."

"அண்ணன் வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவான்."

"காட்டட்டும். நீங்க ஒன்பது வயசு இல்ல. தாங்குவீங்க."

மகள் தம்பியின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். அவன் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஓடாமல், நடந்து பாத்ரூமுக்குப் போனாள்.

ஏழு நிமிஷம் ஆனது. எட்டு ஆனது. பம்பரம் முன் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, நான் ஹாரன் அடிக்கவா?"

"கைய வெச்சே, தெரியும் சேதி" என்றார் அப்பா. தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாவது நிமிஷம் மகள் வந்தாள். ஏறினாள், பெல்ட் போட்டாள், கதவைச் சாத்தினாள். அப்பா தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். அதில் முதலில் தெரிந்தது அம்மாவின் கண்கள்தான். அவை இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தன. அவர் மறுபடி மேலே தள்ளவில்லை. என்ஜினைக் கிளப்பி, காலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மகள் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனாள்.

"அக்கா, அடி! ரெண்டு அடி!" என்று துள்ளினான் பம்பரம்.

"இருடா" என்றாள் அவள். விசிலைக் கீழே விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். "தண்ணி குடிச்சுக்கிறேன்."